ஊஞ்சல் டயரின் பால்

குருவிக்கோணத்தில் செத்தவர்களை ஏன் செருப்போடு புதைக்கிறார்கள் என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால், அது எங்கள் பரம்பரை வழக்கம், பரலோகம் போகும் பாதையில் முள் கிடக்குமல்லவா என்று ஊரார் ஒரே குரலில் பதில் சொல்வார்கள், நம்பாதீர்கள். அந்த வழக்கத்துக்கு வயது பத்துகூட ஆகவில்லை, பரலோகத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. டயரில் பால் இறங்கிய காலத்தில், தாசையனின் மனைவி ரோஸ்லெட் கோணிப்பையோடு வீடு வீடாக ஏறி இறங்கத் தொடங்கிய பிறகுதான் அது வந்தது.

மலையோரத்தில் ரப்பர் மரங்களுக்கு நடுவே கிடக்கிற ஊர் அது. விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போய் மரத்தின் பட்டையைச் சீவிவிட்டால் பால் சொட்டுச் சொட்டாகத் தேங்காய்ச் சிரட்டையில் இறங்கும், வெயில் ஏறுவதற்குள் அதை வாளியில் சேர்த்துச் சங்கத்துக் கொட்டகைக்குக் கொண்டுவந்து, வடிகட்டி, எல்லோருடைய பாலையும் ஒன்றாகக் கலந்து, தட்டுகளில் ஊற்றி, ஒரு குவளை ஆசிட்டைத் தண்ணீரில் கலக்கி விட்டால் தயிர்போல உறைந்துவிடும், பிறகு அதை உருளையில் அழுத்தி ஷீட்டாக்கிப் புகைக்கூட்டில் தொங்கவிட வேண்டும். உறையாமல் வைத்திருக்க வேண்டுமென்றால் அமோனியா ஊற்ற வேண்டும். ஆசிட் ஊற்றினால் கட்டி, அமோனியா ஊற்றினால் பால். இந்த இரண்டைத் தவிர வேறு வேதியியல் குருவிக்கோணத்துக்குத் தேவைப்பட்டதில்லை. பால் யாருக்காகவும் காத்திருக்காது என்பது அங்கே பழமொழி, அவசர வேலைக்கும் அதைத்தான் சொல்வார்கள், சோம்பேறிகளைத் திட்டவும் அதைத்தான் சொல்வார்கள்.

அப்படிப்பட்ட ஊருக்குத்தான் டாக்டர் அறவாழி வந்தார். பல்கலைக்கழகத்தில் பாலிமர் ஆராய்ச்சி செய்பவர், ஊசி போடுகிற டாக்டர் அல்ல என்று முதல் நாளே சொல்லிவிட்டார், இருந்தும் இரண்டு பேர் இடுப்புவலிக்கு மருந்து கேட்டார்கள். ரப்பரைக் கந்தகத்தோடு வேகவைத்தால் அதற்குள்ளிருக்கும் நூல்கள் ஒன்றையொன்று கைகோத்துக்கொள்ளும், கோத்த கையைப் பிறகு எந்தத் தீயாலும் பிரிக்க முடியாது, வெந்த சோறு திரும்ப அரிசியாகாததுபோல டயரும் திரும்ப ரப்பராகாது, அதனால்தான் உலகமெங்கும் பழைய டயர் மலைபோலக் குவிந்து கிடக்கிறது என்று அவர் கொட்டகையில் நின்று விளக்கினார். அந்தக் கைகளைப் பிரிக்கிற மருந்தை அவர் கண்டுபிடித்திருந்தார். மருந்தைச் சுமப்பது ஒரு ஜெல், ஊறிய ஜவ்வரிசிபோல வழவழவென்று இருக்கும், தண்ணீரைக் குடித்துப் புடைத்து மருந்தைத் தன் வயிற்றில் வைத்துக்கொள்ளும், எந்தச் சூட்டில் கக்கச் சொல்கிறோமோ அந்தச் சூட்டில்தான் கக்கும். ரேடியோவில் ஸ்டேஷன் பிடிப்பதுபோல அந்தச் சூட்டை அவர் தன் விருப்பத்துக்குத் திருத்திக்கொள்வார். மரத்துப் பாலைக் கையாளத் தெரிந்த ஊர் வேண்டுமென்றுதான் இங்கே வந்தேன் என்றார். ரப்பர் சங்கத் தலைவர் யேசுவடியான் கொட்டகையின் பாதியை அவருக்கு ஒதுக்கிக் கொடுத்தார். பாலை வடிகட்டவும் உறையவைக்கவும் ஆள் கேட்டபோது, எல்லோரும் ஒரே மனதாக ரோஸ்லெட்டைக் காட்டினார்கள். புருசனை இழந்தவள், பாவம், இருக்கட்டும் என்றார்கள்.

முதலில் தொட்டியில் போட்டது ஒரு மினிபஸ்ஸின் டயர். துண்டு துண்டாக நறுக்கி, ஜெல்லில் புதைத்து, வெந்நீரில் இளஞ்சூடாக்கி வைத்தார்கள். பொழுது ஏற ஏறக் கறுப்பு கரைந்து அடியில் மண்டியாகத் தங்க, மேலே வெள்ளை வெளேரென்று பால் எழும்பியது. எழும்பிய பால் பேசியது. கண்டக்டரின் விசில், உள்ளே போ உள்ளே போ என்ற சத்தம், யாரோ ஒரு பெண் கைபேசியில் குழைந்து குழைந்து சிரிப்பது, சீட்டுக்கு அடியில் ஓர் ஆடு, வளைவில் நீண்ட ஹாரன், எல்லாம் வரிசையாக வந்தன. அந்த டயர் எந்தெந்தச் சாலையில் ஓடியதோ அந்தச் சாலையெல்லாம், கடைசிப் பயணம் முதலில், முதல் பயணம் கடைசியில் என்று பாலில் இறங்கிக்கொண்டிருந்தது. பால் கொண்டுவந்து வரிசையில் நின்றவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். "சத்தம் கொஞ்சம் கூடுதலாக்கும். ஆனா பாலு கொள்ளாம்" என்று ஒருவர் சொன்னார், மற்றவர்கள் ஆமாம், பால் நன்றாகத்தான் இருக்கிறது என்றார்கள், ஆசிட் ஊற்றியதும் சத்தம் நின்றது, ஷீட்டும் நன்றாகவே வந்தது. அறவாழி தன் அறிக்கையில் 'சிறு இரைச்சல் காணப்பட்டது' என்று எழுதினார். அடுத்த தடவை சூட்டைத் திருத்தினால் போய்விடும் என்று நம்பினார், திருத்தினார், போகவில்லை.

ஊருக்கு நல்ல பொழுதுபோக்காயிற்று. கொட்டகைக்கு எதிரே ஒரு டீக்கடை முளைத்தது. தன் டயரைக் கொண்டுவருவதைவிட அடுத்தவன் டயரைக் கொண்டுவருவதில் எல்லோருக்கும் ஆர்வம் அதிகமாக இருந்தது. வெள்ளிதோறும் தியானத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போகும் ஒருவனுடைய பைக் டயரை மனைவியே கழற்றிக் கொடுத்தாள். அது ஒவ்வொரு வெள்ளியும் மதுக்கடை வாசலில் நின்றதைப் பால் ஒன்றுவிடாமல் சொல்லிற்று, அவள் சண்டையும் போடவில்லை ஒன்றும் போடவில்லை, அந்த மாதம் முழுக்க உப்பில்லாமல் சமைத்தாள். வரதட்சணை பேசப் போன கார், நிலத்தை அளக்கப் போன ஜீப், ஆஸ்பத்திரிக்கென்று சொல்லி வேறெங்கோ போன ஆட்டோ என்று ஒவ்வொன்றாகக் கரைந்தன. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள், குருவிக்கோணத்தில் உலைமூடிக்குப் பதில் ஆசிட் குவளை இருந்தது, ஆனால் கேட்டு முடிக்கும்வரை அதை யாரும் எடுக்கவிடவில்லை.

ரோஸ்லெட்டுக்கு ஒரே ஒரு டயர்தான் வேண்டியிருந்தது.

ஆறு வருடத்துக்கு முன் ஒரு விடியலில், பால் வெட்டப் போன தாசையனை ஆலம்பாறை வளைவில் ஏதோ ஒரு வண்டி அடித்துப் போட்டுவிட்டுப் போயிருந்தது. வெளிச்சம் வந்த பிறகுதான் யாரோ பார்த்தார்கள். அடிபட்டும் வெகுநேரம் உயிர் இருந்திருக்கிறது, அப்போதே எடுத்துப் போயிருந்தால் பிழைத்திருப்பார் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள், அதை அவளிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். அவருடைய அலுமினிய வாளி அப்பளமாக நசுங்கிக் கிடந்தது, அதை அவள் இன்றைக்கும் வைத்திருக்கிறாள். அடையாளம் தெரியாத வாகனம் என்று போலீஸில் எழுதி மூடிவிட்டார்கள்.

அன்றைக்கு ஊரே வந்து அழுதது. வேளாங்கண்ணிக்கு நேர்ச்சைப் பயணம் போனவர்கள் அன்று காலையில்தான் திரும்பியிருந்தார்கள், குளிக்கக்கூட இல்லை, மொட்டைத் தலையும் கழுத்தில் ஜெபமாலையுமாக நேரே சாவு வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ரோஸ்லெட்டின் தங்கை புஷ்பலீலா இரண்டு தடவை மயங்கி விழுந்தாள். முற்றம் முழுக்க மொட்டைத் தலைகளைப் பார்த்தபோது, எனக்க மாப்பிளைக்காக இத்தனை பேரு தலையைக் குடுத்தமாதிரி இருக்கே என்று ரோஸ்லெட்டுக்குத் தோன்றியது. அந்த நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எழுந்து நின்றாள். அதற்குப் பிறகும் ஊர் அவளைத் தாங்கியது. யார் வீட்டில் மீன் வாங்கினாலும் அவளுக்கு ஒரு கிண்ணம் குழம்பு வந்தது, கூரை ஒழுகினால் சொல்லாமலே ஆள் வந்தது, மகள் ஷைனி கோயிலில் முதல் நன்மை வாங்கியபோது வெள்ளைச் சட்டை தைத்துப் போட்டது புஷ்பலீலா. இப்படி ஓர் ஊர் எங்கே கிடைக்கும் என்று ரோஸ்லெட் ஜெபத்தில் சொல்லியிருக்கிறாள்.

ஆகவே ஒவ்வொரு டயர் கரையும்போதும் அவள் தொட்டிமேல் குனிந்து நின்றாள். அந்த வண்டியின் டயர் என்றைக்காவது இங்கே வரும், வந்தால் வாளி நசுங்கும் சத்தம் கேட்கும், யார் என்று தெரியும், அதைவிட, தாசையன் கடைசியாக ஏதாவது சொன்னாரா என்று தெரியும். பால் சாட்சி சொன்னால் எடுப்பார்களா என்று ஏட்டிடம் கேட்டாள். "சாட்சி கையெழுத்துப் போடணுமே, பாலுக்கு ஏதம்மா கை?" என்றார் அவர், கேலியாகச் சொல்லவில்லை, யோசித்துத்தான் சொன்னார்.

அவள் எதற்குக் குனிகிறாள் என்று ஊருக்குத் தெரிய அதிக நாள் ஆகவில்லை. தெரிந்ததும் பழைய டயர் வருவது நின்றது. கிணற்றங்கரையில் கிடந்தது, மாட்டுக்கு நீர் வைத்தது, கூரைமேல் பாரத்துக்குப் போட்டது, எல்லாம் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. தோட்டங்களிலிருந்து கரும்புகை எழும்பியது, கேட்டால் கொசுவுக்கு என்றார்கள். சங்கத்தில் கூட்டம் போட்டு, பாலின் தரம் கெடுகிறது, இனி பால் எழும்பிய உடனே, பேச்சு தொடங்கும் முன்னே ஆசிட் ஊற்றிவிட வேண்டும் என்று யேசுவடியான் தீர்மானம் கொண்டுவந்தார், ஒருவர்கூட மறுக்கவில்லை. அடுத்தவன் ரகசியத்தைக் கேட்க அலைந்த ஊருக்கு இத்தனை ஒழுக்கம் ஒரே நாளில் எப்படி வந்தது என்று அறவாழிதான் ஆச்சரியப்பட்டார்; வெளியூரிலிருந்து லாரியில் டயர் வரவழைத்துக்கொண்டார்.

எல்லா டயரையும் எரித்தவர்கள் ஒன்றை மறந்தார்கள். தினம் கண்ணில் படுவது கண்ணுக்குத் தெரியாது. மாதா கோயில் முற்றத்து அயனி மரத்தில் பிள்ளைகளுக்கு ஊஞ்சலாக ஒரு டயர் தொங்கிக்கொண்டிருந்தது, தாசையனைப் புதைத்த வாரத்திலேயே யேசுவடியான் நேர்ச்சையாகக் கட்டிக் கொடுத்தது. கோயில் பொருளை எந்த ஏட்டும் சோதிக்க மாட்டான், எவனும் காயலான் கடைக்குப் போட மாட்டான் என்ற கணக்கு அதில் இருந்தது. ஷைனி அதில்தான் ஆடி வளர்ந்தாள். ரோஸ்லெட்டே எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை அதைப் பிடித்துத் தள்ளியிருக்கிறாள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறாள், அவளுக்கெப்படித் தெரியும்.

ஒரு மழையில் ஊஞ்சலின் கயிறு அறுந்தது. டயர் பேசும் என்று கேள்விப்பட்டிருந்த பிள்ளைகளுக்கு, தாங்கள் இத்தனை வருடம் சிரித்த சிரிப்பைத் திரும்பக் கேட்க ஆசை வந்துவிட்டது. பெரியவர்கள் பார்க்காத நேரத்தில் டயரை உருட்டிக்கொண்டு வந்து ரோஸ்லெட்டிடம் கொடுத்தார்கள். அறவாழி ஒரு மாநாட்டுக்குப் போயிருந்தார். பிள்ளைகள் ஆசைக்குத்தானே, ஒரு தடவை ஆசிட்டைத் தள்ளிப்போட்டால் என்ன என்று அவள் மறுநாள் காலையில் அதை நறுக்கித் தொட்டியில் போட்டாள்.

மரத்துப் பால் கொண்டுவருகிற நேரம். ஊரில் பாதி வாளியும் கையுமாக வரிசையில் நின்றது, புஷ்பலீலாவும் நின்றாள். யேசுவடியான் எடை பார்க்கும் இடத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். தொட்டியில் பால் எழும்பி, முதலில் சிரிப்பு வந்தது. கீச்சுக் கீச்சென்று ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் சிரித்தார்கள், அதற்குள்ளிருந்து நாலு வயது ஷைனி, இன்னும் ஒசரத்துல தள்ளு, இன்னும் ஒசரத்துல, என்று கத்தினாள். வரிசையில் நின்றவர்கள் முகம் மலர்ந்தது, என் மகனாக்கும் அது, எனக்க பேத்தியாக்கும் அது என்று காட்டிக்கொண்டார்கள்.

யேசுவடியான் மட்டும் டம்ளரைக் கீழே வைத்தார். "இது எந்த டயரு?"

"ஊஞ்சலாக்கும் அண்ணே" என்றாள் ரோஸ்லெட்.

அவர் எழுந்திருப்பதற்குள் சிரிப்பு நின்று, ஜெபமாலை சொல்லும் சத்தம் வந்தது. ஒரு வேன் நிறைய ஆட்கள், தூக்கக் குரலில், ஒருவர் சொல்ல மற்றவர் முடிக்க, மணி மணியாகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். பிறகு பிரேக். பிறகு வாளி நசுங்கியது. மனிதன் விழுந்த சத்தத்துக்கு முன்னே வாளியின் சத்தத்தை ரோஸ்லெட் அடையாளம் கண்டாள்.

"ஆளாடே?"

"பன்னியா இருக்கும்."

"பன்னி தலையில லைட்டு கெட்டுமா?"

கதவு திறந்தது, கால்கள் இறங்கின. யேசுவே, இது நம்ம தாசையனாக்கும் என்று ஒரு குரல் சொன்னது, உயிரு இருக்கு என்று இன்னொரு குரல். டிரைவர் அழுதான், லைசென்ஸ் முடிந்து புதுப்பிக்கவில்லை என்றான். எடுத்துட்டுப் போனா எல்லாரும் ஸ்டேசன் ஏறணும், பொம்பளையளும் ஏறணும், நேர்ச்சைக்குப் போயிட்டு வந்த வண்டியாக்கும் என்றது யேசுவடியானின் குரல், நிதானமாக, இப்போது சங்கத்தில் பேசுகிற அதே நிதானத்தோடு. அப்புறம் தாசையன் பேசினார்.

"புஷ்பமா பிள்ளே?" என்றார். "நல்லதாப் போச்சு." மூச்சு இழுத்து இழுத்து வந்தது. "குடிக்க வெள்ளம்."

யாரிடமும் தண்ணீர் இல்லையா என்று ஒரு குரல் கேட்டது. இருக்கது மாதா தீர்த்தமாக்கும், வீட்டுக்குக் கொண்டுபோவ உள்ளது என்று ஒரு பெண் சொன்னாள். அதற்குப் பிறகு புஷ்பலீலாவின் குரல், ஆறு வருடம் இளையது, குழந்தையைச் சமாதானப்படுத்துவது மாதிரி, பின்னால் வருகிறவர்கள் தூக்கிக்கொள்வார்கள் என்று சொன்னது: "பின்னால ஒரு வண்டி வருது அத்தான். அவிய எடுப்பினும். இப்பம் வந்துரும்." கதவு மூடிற்று, வண்டி கிளம்பிற்று, ஜெபமாலையை நிறுத்திய மணியிலிருந்தே மறுபடி தொடங்கினார்கள்.

கொட்டகையில் யாரும் ஓடவில்லை, நான் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. வாளிகளைக் கீழே வைத்துவிட்டு நின்றார்கள். சிலர் அழுதார்கள், உண்மையாகவே அழுதார்கள். தொட்டியில் பால் ஒரு தடவை சொல்லி முடித்துவிட்டு, உறையவைக்க ஆளில்லாததால் மறுபடி சிரிப்பிலிருந்து தொடங்கியது.

ரோஸ்லெட் அமோனியா கேனை எடுத்தாள். நாலு சொட்டு விட்டால் போதும், பால் பாலாகவே இருக்கும், சார் வரும்வரை இருக்கும், ஏட்டையும் அவருக்கு மேலே உள்ளவர்களையும் கூட்டிவந்து காட்டும்வரை இருக்கும். அவள் மணிக்கட்டைப் புஷ்பலீலா பிடித்தாள்.

"அக்கா, விடுக்கா. பாலு கெட்டுப்போவும்."

"கெடாம இருக்கத்தான் இத ஊத்துதேன்."

"எல்லா வீட்டிலயும் பிள்ளையள் உண்டுக்கா. இந்த ஆறு வருசமும் உன்ன ஒத்தைக்கு விட்டோமா? ஒரு நாளு பட்டினி விட்டோமா? நீயே சொல்லு."

"உன்னப் பாத்து நல்லதாப் போச்சுண்ணு சொல்லியிருக்காரு பிள்ளே" என்றாள் ரோஸ்லெட். "வேற ஆரையும் பாத்துச் சொல்லல்ல."

புஷ்பலீலா பிடியை இன்னும் இறுக்கினாள். இன்னும் இரண்டு பெண்கள் வந்து ரோஸ்லெட்டின் தோளை இருபுறமும் அணைத்துக்கொண்டார்கள், சாவு வீட்டில் எப்படி அணைத்துக்கொண்டார்களோ அப்படியே, அதே ஆட்கள்தான். பால் ஆருக்காகவும் காத்திருக்காது மக்களே என்று சொல்லிவிட்டு யேசுவடியான் ஆசிட்டைத் தண்ணீரில் கலக்கினார். ஆனால் முழுவதையும் அவரே ஊற்றவில்லை. கொஞ்சம் ஊற்றிவிட்டுக் குவளையை அடுத்தவரிடம் கொடுத்தார், அவர் கொஞ்சம் ஊற்றி அடுத்தவரிடம் கொடுத்தார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் ஒருவர்பின் ஒருவராக வந்து, கல்லறைக் குழியில் ஆளுக்கொரு பிடி மண் போடுவதுபோல, ஆளுக்கொரு மடக்கு ஊற்றினார்கள், சிலருக்குப் பழக்கத்தில் கை நெற்றிக்குப் போய்ச் சிலுவை போட்டது. கடைசி மடக்கு புஷ்பலீலாவுடையது. பால் அப்போது இரண்டாம் தடவையாக அந்த வளைவுக்கு வந்திருந்தது. புஷ்பமா பிள்ளே, நல்ல, என்பதோடு உறைந்தது.

அறவாழி திரும்பி வந்ததும் ரோஸ்லெட் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நல்லவர், முழுக்கக் கேட்டார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான் நம்பறேம்மா. ஆனா ஒரு தடவை கேட்டது முடிவாகாது. இன்னொரு தடவை கேட்கணும். அந்த ஷீட் எங்கே?" என்றார். ஷீட் புகைக்கூட்டில் இல்லை. சந்தைக்கு அனுப்பினால் எங்கேயோ எவன் கையிலோ மறுபடி பேசும் என்று யேசுவடியான் யோசித்திருந்தார். அதைத் துண்டு போட்டு மற்ற ஷீட்டுகளோடு கலந்து, அறவாழியே மாதிரிக்காகத் தொடங்கியிருந்த செருப்புப் பட்டறையில் கொடுத்துவிட்டார். கலந்துவிட்டால் யார் கண்டுபிடிக்க முடியும்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள்; சோற்றை ஊர் முழுக்கப் பங்கு வைத்துவிட்டால் மறைக்கலாம்.

சங்க உறுப்பினர் எல்லோருக்கும் ஆளுக்கொரு ஜோடி செருப்பு விழா வைத்துக் கொடுக்கப்பட்டது. ரோஸ்லெட்டும் சங்க உறுப்பினர், அவளுக்கும் ஒரு ஜோடி வந்தது. ஆளுக்கொரு ஜோடி காலில் ஏறிவிட்டால் ஆரும் ஆரையும் காட்டிக்கொடுக்க முடியாது, எல்லாம் நம்ம காலுக்கடியிலதானே கெடக்கும் என்று யேசுவடியான் முன்வரிசையில் இருந்தவர்களின் காதில் சொல்லியிருந்தார், அவர்கள் முகத்தில் வெகுநாளைக்குப் பிறகு ஒரு தெளிவு இருந்தது. கடைசியாக அறவாழி மேடையேறினார். தன் வாழ்நாள் உழைப்பைப் பற்றிப் பேசுகிறவரின் சந்தோசம் அவர் குரலில் இருந்தது.

"இது சாதாரண செருப்பு இல்லை" என்றார். "சாதாரண ரப்பரை ஒரு தடவை வேகவைத்தால் அதோடு சரி. இதை அப்படி வேகவைக்கவில்லை. இதன் கைகளை மறுபடி பிரிக்கலாம், மறுபடி கோக்கலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும். தேய்ந்துபோனால் தூக்கிப் போடாதீர்கள், கொண்டுவந்து கொடுங்கள், பாலாக்கிவிடலாம். இதற்குள் இருக்கிற எதுவும் அழியாது. ஒன்றுமே அழியாது."

கைதட்டலுக்காக நிறுத்தினார். யாரும் தட்டவில்லை. குருவிக்கோணம் முழுவதும் தன் தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது. கடைசி வரிசையிலிருந்து ரோஸ்லெட் ஒருத்திதான் தட்டினாள்.

அறவாழி ஊரைவிட்டுப் போகும்போது மிச்சமிருந்த ஜெல்லை அவள் கேட்டாள், ஒரு ஊறுகாய்ப் பரணி நிறையக் கொடுத்தார். காய்ந்து சுருங்கினாலும் பயமில்லை, தண்ணீர் விட்டால் பழையபடி உப்பிக்கொள்ளும், இளஞ்சூடு போதும் என்றார். அவர் வண்டி மறைந்ததும் அவள் தன் ஜோடியை நறுக்கிப் பரணியில் போட்டு அடுப்போரம் வைத்தாள். பால் எழும்பியது. அவளுக்கு வந்த பங்கில் வேறெதுவும் இல்லை, வாளி இல்லை, வேன் இல்லை, தங்கை இல்லை. குடிக்க வெள்ளம், என்று தாசையன் கேட்டார். அவ்வளவுதான். அவள் அமோனியா விட்டுக் குப்பியில் ஊற்றிச் சுவர்ப் பலகையில் வைத்தாள். மிச்சப் பேச்செல்லாம் ஊரில் ஒவ்வொரு வீட்டுக் காலிலும் ஒவ்வொரு துண்டாக நடந்துகொண்டிருக்கிறது என்று அப்போது அவளுக்குப் புரிந்தது.

அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் கோணிப்பையோடு அவள் வீடு வீடாகப் போகிறாள். சண்டை போடுவதில்லை, சாபம் விடுவதில்லை. "செருப்பு பிஞ்சு போச்சா?" என்று மட்டும் கேட்பாள். இல்லை என்பார்கள், இன்னும் கொள்ளாம் என்பார்கள். வார் அறுந்தால் கம்பியால் கட்டிக்கொள்கிறார்கள், அடி தேய்ந்து ஓட்டை விழுந்த பிறகும் மாட்டிக்கொண்டு நடக்கிறார்கள், தின்னும்போதும் தூங்கும்போதும் கழற்றுவதில்லை. ஒன்றுமே அழியாது என்று சார் சொன்ன பிறகு எரிக்கவும் பயம், எரிகிறபோது பேசிவிட்டால்? யேசுவடியான் செத்தபோது அவர் மனைவி செருப்பைக் காலில் மாட்டிக் கயிற்றால் கட்டிப் பெட்டியை மூடச் சொன்னாள், அடுத்துச் செத்தவருக்கும் அப்படியே செய்தார்கள், அதற்கடுத்தவர் வருவதற்குள் அது வழக்கமாகிவிட்டது.

புஷ்பலீலாவின் வீடு அடுத்த வீடு, நடுவில் ஒரே சுவர். குப்பி இருக்கிற பலகை அந்தச் சுவரில்தான். பகலெல்லாம், அடுப்பு எரியும்போதும், மழை பெய்யும்போதும், சுவருக்கு அந்தப் பக்கம் அவள் அத்தான் குடிக்கக் கேட்டுக்கொண்டே இருந்தார். காதில் பஞ்சு வைத்துப் பார்த்தாள், ரேடியோவைச் சத்தமாக வைத்துப் பார்த்தாள். கோயிலில் பாதம் கழுவும் சடங்கு நடக்கிற பெரிய வியாழன் அன்று, போன வருடம், கம்பி போட்டுக் கட்டிய செருப்பு தரையில் இழுபட, ஒரு செம்பு நிறையத் தண்ணீரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ரோஸ்லெட்டின் வாசலில் வந்து நின்றாள். செருப்பு தடுக்கி வழியில் பாதி சிந்தியிருந்தது.

"அக்கா. அத்தானுக்குக் கொஞ்சம் வெள்ளம்."

உள்ளே குப்பி, குடிக்க வெள்ளம் என்று கேட்டது. ரோஸ்லெட் செம்பைப் பார்த்தாள், தங்கையின் காலைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள்.

"வேண்டாம் பிள்ளே" என்றாள், குழந்தையிடம் சொல்வதுபோல. "பின்னால ஒரு வண்டி வருது. அவிய குடுப்பினும். இப்பம் வந்துரும்."

கதவைச் சாத்திக்கொண்டாள்.